போனில் இருமாத பிள்ளை

அன்பு மகள் ஷாரோனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டேன் மா. இன்றைக்கு இது உண்மை. போன மாதம் நீ கேட்டபோதெல்லாம் நான் இதையே சொன்னேன், அது பொய். பதறாதே, உன் பிள்ளை நிலவன் நன்றாக இருக்கிறான், இதை எழுதும்போது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைச் சர்க்கரையில் புரட்டிப் புரட்டித் தின்றுகொண்டிருக்கிறான். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

போனில் சொல்லாமல் ஏன் லெட்டர் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "பரவால்ல வுடுப்பா" என்று சொல்லிவிடுவாய், நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை முழுங்கிவிடுவேன், என் புத்தி எனக்குத் தெரியும். உன் கம்பெனியிலிருந்து அடுத்த பேட்ச்சில் தைவானுக்கு ட்ரைனிங் வருகிற அமலா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கிறது, ஊறுகாய் கொஞ்சம் உப்பு தூக்கல், நான் போட்டதுதான்.

மழை ஆரம்பித்த சமயத்தில் நிலவனுக்குச் சளி பிடித்தது. ராத்திரி முழுக்க இருமினான். உன் அம்மாவைக் கொரோனாவுக்குக் கொடுத்த வீடு இது, எனக்கு இருமல் சத்தம் கேட்டாலே அந்த நினைப்புதான். விடிந்ததும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப்போய் வீட்டிலேயே பார்க்கிற அந்தக் கொரோனா கிட்டை வாங்கி வந்து குச்சியை மூக்கில் விட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரே கோடுதான் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பின் ரூமில் குடியிருக்கிற முத்துச்செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன், டீக்கடையில் சொன்னேன், சர்ச்சில் சாட்சி சொல்லாத குறைதான். கொரோனா இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டாக்டரிடம் காட்டவில்லை. வீட்டிலிருந்த இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்து, ஸ்வெட்டரை மாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் வந்தாய். கூப்பிடுவதற்கு முன்னால் அவனை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா முன்னாடி இருமாத கண்ணா, அம்மா பயந்துக்கும், அயுதுகினு கெளம்பி வந்துடும்" என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கு இருமல் வந்துடுச்சின்னா இன்னா பண்றது தாத்தா என்று கேட்டான். கொரோனா சமயத்தில் ஷேர் ஆட்டோவில் ஒரு இருமல் இருமினால் எல்லோரும் நம்மை இறக்கிவிடுகிற மாதிரிப் பார்ப்பார்கள் இல்லையா, அப்போது நான் பழகி வைத்திருந்த வித்தை ஒன்று, ஒரு வாய் தண்ணீரை வாயில் அடக்கி வைத்துக்கொள்வது. அதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவன் கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு உன் முன்னால் உட்கார்ந்திருந்தான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், "இன்னாடா பலூன் மாதிரி கீற" என்று கேட்டு அப்படியே போட்டோ பிடித்தாய். அந்தப் போட்டோதான் இன்னமும் உன் வாட்ஸ்அப் முகப்பில் இருக்கிறது. அதில் பிள்ளையின் கண் கலங்கியிருப்பதைப் பார், அது சிரித்துக் கலங்கியது இல்லை.

இரண்டொரு நாளில் காய்ச்சல் ஏறியது. அப்போதும் நான் கஷாயம் வைத்துக்கொண்டு நின்றேன். ஷிப்ட் முடிந்து வந்த முத்துச்செல்வி எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு மூச்சு இந்த வாங்கு வாங்குது, நீங்க என்ன தாத்தா அடுப்புகிட்ட நிக்கிய" என்று சத்தம் போட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். விலா உள்ளே இழுத்து இழுத்து வந்தது. அவளே ஆட்டோ பிடித்து, மடியில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

நிமோனியா என்றார்கள். நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது, விலாப் பக்கம் ஓட்டை போட்டு ட்யூப் வைத்து அதை எடுத்தார்கள். நான் டாக்டரம்மாவிடம் கிட்டில் ஒரு கோடுதான் வந்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "கொரோனா வந்தப்புறம் எல்லாரும் அத மட்டுந்தான் பாக்கறீங்க ஐயா, இது பாக்டீரியா, அதுக்கு வேற மருந்து, சளி புடிச்ச நெஞ்சுல இது வந்து உக்காந்துக்கும்" என்றார். வார்டு முழுக்க அவன் வயசுப் பிள்ளைகள், பாதிப் பேருக்கு நெஞ்சுச் சளிதான். கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருந்தால் ட்யூப் வரைக்கும் வந்திருக்காதா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விடை தெரிந்த மாதிரிதான் இருந்தது.

கார் ஏற்றிய டிரெய்லரோடு கவுகாத்தி போயிருந்த மாப்பிள்ளை ஹேமந்த், வண்டியை வேறு டிரைவர் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்தார். உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி நிறுத்தினேன். ட்ரைனிங்கைப் பாதியில் விட்டு வந்தால் லைன் லீடர் வேலை உனக்குக் கிடைக்காது என்றேன். அது பாதி உண்மைதான் மா. என்னை நம்பி விட்டுப்போன பிள்ளையை நான் இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன் என்று உன்னிடம் சொல்லப் பயம், அதுதான் மீதி. போனில் கேமரா ரிப்பேர், பிள்ளை தூங்குகிறான், பக்கத்து வீட்டில் விளையாடுகிறான், எத்தனை பொய்.

காய்ச்சல் விட்ட பிறகு அவனை நன்றாக இருமச் சொன்னார்கள், அடைத்திருக்கிற சளி வெளியே வர வேண்டுமாம். ஊதுவதற்கு ஒரு பலூன்கூடக் கொடுத்தார்கள். பிள்ளை சமர்த்தாக ஊதுவான், இருமுவான். ஆனால் வார்டில் யார் போன் அடித்தாலும் சரி, டக்கென்று தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் வைத்துக்கொண்டு உதட்டை இறுக்கி மூடிக்கொள்வான். முகம் சிவந்து ட்யூப் போட்ட பக்கம் வலித்துக் கண்ணில் தண்ணீர் வழியும், அப்போதும் திறக்க மாட்டான். நர்ஸுகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளைதான் ஏன்டா இப்படிப் பண்ற என்று கேட்டார். "அம்மா பயந்துக்கும், தாத்தா சொல்லிச்சி" என்றான். மாப்பிள்ளை என்னைத் திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு டீ வாங்கிவந்து கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையின் கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். நன்றாகச் சாப்பிடுகிறான், வெயிட் ஏறியிருக்கிறது, விலாவில் சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது, அதை முத்துச்செல்வியிடம் காட்டிப் பெருமை அடிக்கிறான். மருந்தை நேரம் தவறாமல் மாப்பிள்ளைதான் கொடுக்கிறார், நான் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. நீ திரும்பி வந்த பிறகு பிள்ளையை யாரிடம் விடுவது என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் நினைத்துக்கொள்வேன் மா, அழுவேன், அதற்காக நீ மாற்றிக்கொள்ளாதே.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. ஒன்றே ஒன்று மறக்காதே. இன்னும் கொஞ்ச நாளைக்கு அவன் இருமித்தான் ஆக வேண்டும், ஆனால் உன் போன் வந்தால் இப்போதும் தண்ணீர்ச் சொம்பைத் தேடி ஓடுகிறான். இருமுடா கண்ணா, அம்மா ஒண்ணும் சொல்லாது என்று நானும் தினம் சொல்லிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு வந்து உட்காருவான். சிரிக்காதே மா. தண்ணீரைத் துப்பச் சொல்லி, இருமச் சொல்லி, அவன் இருமி முடிக்கிற வரைக்கும் அழாமல் பார்த்துக்கொண்டிரு. நான் சொன்னால் பிள்ளை நம்பமாட்டேன் என்கிறான்.

உன் அப்பா,
யாக்கோபு