இருபது விழுந்தால் உண்மை

மார்ச் 2

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

இங்கே ஒருமாதிரி நலம். சுரங்கப்பாதை வேலையில் போன் எடுக்காது என்பதால் உங்கள் முகாமுக்குச் சாமான் ஏற்றிப்போகும் வண்டித் தபாலை நம்பி எழுதுகிறேன். நான் நாலு பக்கம் எழுதினால் நீங்கள் நாலு வரி எழுதுகிறீர்கள். இருக்கட்டும்.

நம் பட்டாணி, உங்கள் மகள், திருடியாகிவிட்டாள்! பதறாதீர்கள், விளையாட்டில்தான். குழந்தைகள் வார்டில் மனநல ஆலோசகர் பெண் ஒருத்தி கதை நடத்துகிறாள். மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்கிறார்கள். கதவு திறக்குமா, பூதம் அடிக்குமா என்பதையெல்லாம் இருபது முகமுள்ள ஒரு பகடை தீர்மானிக்கிறது. இதுவும் சிகிச்சைதானாம். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிறவள், “திருடிக்கு வலிக்காது” என்று கையை நீட்டினாள்.

அறுவை சிகிச்சை 23ஆம் தேதி. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்களாம். இவளோ காலில் உள்ள கட்டியை மட்டும்தான் எடுப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். ‘பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்’ என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். எனக்கு நாக்கு எழவில்லை. நீங்கள் வாருங்கள்.

ஆஸ்பத்திரி நாற்காலியில் குடியேறிவிட்ட,
உங்கள் மனைவி

மார்ச் 6

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

நாலு வரி என்று குறைப்பட்டதால் இன்று கொஞ்சம் தாராளமாக எழுதுகிறேன். பகடை உருட்டுவது சிகிச்சையா? நாளைக்குத் தாயக்கட்டையை மாத்திரைச் சீட்டில் எழுதுவார்கள் போல. போகட்டும், குழந்தை சிரித்தால் சரி.

கால் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காதே. என்மேல் ஆணை. நான் வந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் சைக்கிள் வாங்கித் தருவதாக அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், கொடுத்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
சுரங்கத்து எலி

மார்ச் 11

பட்டாணி அப்பா,

நான் சொல்லிவிட்டேன்.

அந்த மேசையில் யாரும் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் என்னைக் கோட்டை வாயிற்காவல்காரி ஆக்கினார்கள். எவனையும் உள்ளே விடாமல் மிரட்டுவதுதான் வேலை. நானும் குரலைக் கரகரவென்று மாற்றி மிரட்டினேன், பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். இருபது விழுந்தால், கேட்கிற கேள்விக்கெல்லாம் காவல்காரி உண்மையே சொல்ல வேண்டும் என்றாள் கதை நடத்துகிறவள். பட்டாணி உருட்டினாள். இருபது.

டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கேட்டாள்: “உள்ள போறவங்க எல்லாம் முழுசா திரும்பி வருவாங்களா?”

எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அந்தக் கரகரக் குரலிலேயே, “இல்ல. ஒரு காலை விட்டுட்டுத்தான் வரணும்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“எந்தக் கால்மா?”

காவல்காரியை அல்ல, என்னைக் கேட்டாள். “வலது கால்டா கண்ணு” என்றேன். கதை நடத்துகிறவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமும் வெளுத்திருந்தது.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சைக்கிள் வாங்கித் தரேன்னு எழுதினாரு?”

கேட்டுவிட்டு அழுதாள், நானும் அழுதேன். சீக்கிரம் வாருங்கள். பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மனைவி

மார்ச் 14

விளையாட்டு விளையாட்டாக உளறிக் கொட்டிவிட்டாயா? ஆணையிட்டுச் சொன்னேனே! பெற்ற பிள்ளையிடம் என்னைப் பொய்யனாக்கிவிட்டாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, துளைபோடும் இயந்திரத்தை ஓடவிட்டபடி மரம் மாதிரி நின்றிருக்கிறேன். மேஸ்திரி ஓடிவந்து நிறுத்தினார்.

லீவு கிடைத்துவிட்டது. ஆனால் எந்த முகத்தோடு வந்து அவள் கட்டில் பக்கத்தில் நிற்பது? எல்லாம் முடிந்து அவள் கொஞ்சம் தேறட்டும், வருகிறேன். அதுவரை லீவு கிடைக்கவில்லை என்று சொல்லி வை. இந்த ஒன்றையாவது எனக்காகச் செய்.

மார்ச் 17

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

உங்கள் கோபம் முழுவதையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் இங்கே நடப்பதைக் கேளுங்கள்.

நாலைந்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தவள், நேற்று டாக்டர் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, “எடுத்த காலை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள். பெரிய டாக்டர், அவருக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். அவர் போன பிறகு மார்க்கர் வாங்கி, இடது காலில், ‘இது நல்ல கால், தொடாதீங்க’ என்று எழுதிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனாலும் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறாள். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை. “லீவு கிடைச்சாச்சு. இங்க வரத்தான் அப்பாவுக்குப் பயமா இருக்கு” என்று சொன்னேன்.

அதற்கு அவள் சொன்னாள்: “எனக்கும்தான் பயமா இருக்கு. நான் உள்ள போகலையா?”

உங்கள் மனைவி