பலகையில் துடைத்த பெயர்

12.10.81, திங்கள்

காலையில் வெயில். மூன்று மணிக்கு இடியோடு மழை. செட்டிகுளம் சந்தியிலிருந்து வவுனியா ஸ்டேஷனுக்கு ஒரு ஹயர் ஓட்டம், காரில் அன்னம் ரீச்சர். பாதி வழியில் எருமை குறுக்கே. பிரேக்கை மிதித்தேன். முன் இடது சில்லு மட்டும் இறுகி நின்றுவிட்டது. கார் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. எருமைக்கு ஒன்றுமில்லை. ரீச்சருக்கு நெற்றியில் வீக்கம். அவர் திட்டவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

சந்திக்குத் திரும்பினால் செய்தி எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஹயர் கார்க்காரர்களுக்குத் தலைவர் நடராசா (இனி ந.). முறை எழுதும் பலகையிலிருந்து என் பெயரைத் துணியால் துடைத்துவிட்டார்.

"தோட்டத்து ஃபக்டரியிலை மெசின் ஓட்டினது வேறை, தம்பி. றோட்டிலை கார் ஓட்டுறது வேறை. பிறேக் சரியெண்டு காட்டுமட்டும் இஞ்சை நிக்கேலாது."

"காட்டுறேன். அதுவரைக்கும் அந்த எடத்துல வேற யாரு பேரையும் எழுதாதீங்க."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். 77 கலவரத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டியோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்தவன் நான். ஒருமுறை இறங்கியது போதும். இந்தச் சந்தியை விட்டு அசைய மாட்டேன்.

13, செவ்வாய்

மேகம். மழை இல்லை. ஒவ்வொரு சில்லாக ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தேன். மூன்று நன்றாகச் சுற்றுகிறது. முன் இடது முக்குகிறது. பிரேக் கட்டையைத் தளர்த்தினேன், சுற்றியது. ஒரு தடவை மிதித்ததும் மறுபடி பிடி. காலை எடுத்தாலும் விடவில்லை.

பார்க்க வேண்டியவை:
ஸ்பிரிங் – பார்த்தாயிற்று, பழுதில்லை.
ஒயில் போகும் குழாய் – உள்ளே அடைத்திருக்கலாம். நாளைக்கு.
சிலிண்டர் – தேவையில்லை. கொஞ்சம் கசிகிறதென்று ஆயுத பூசைக்கு முதல்நாள் நானே கழற்றிச் சுத்தம் செய்து பூட்டியது.

கட்டியவள் சும்மா இருப்பாளா? பார்வதி எட்டிப் பார்த்து, "நீங்க கை வச்ச எடத்தையும் ஒருக்கா பாருங்களேன்."

"நான் கை வச்சது பழுதாகாது."

சோறு ஆறிவிட்டது. செத்தல் மிளகாய் வாங்கச் சொன்னாள், மறந்துபோனேன்.

14, புதன்

புழுக்கம். சில்லுப் பக்கத்து ஒயில் திருகாணியைத் திறந்து விட்டேன். குழாய் அடைத்து அழுத்தம் உள்ளே நின்றிருந்தால், திறந்ததும் சில்லு விட வேண்டும். ஒயில் வந்தது. சில்லு விடவில்லை. ஆகவே பழுது குழாயில் இல்லை. மிச்சம் சிலிண்டர். நான் கை வைத்த இடம்.

கழற்றினேன். உள்ளேயிருக்கும் சின்னக் கிண்ணம் போன்ற றப்பர் வீங்கி, இறுகிப்போய்க் கிடந்தது. தட்டித் தட்டித்தான் வெளியே எடுத்தேன். ஊறின கடலை மாதிரி.

எனக்குள் ஒரு சந்தேகம். டின்னில் பழைய றப்பர் இரண்டு கிடந்தன. ஒன்றை மண்ணெண்ணெயில், மற்றதைப் பிரேக் ஒயிலில் போட்டு ஜன்னலில் வைத்தேன். பார்வதிக்குக் காரணம் சொல்லவில்லை.

15, வியாழன்

மண்ணெண்ணெயில் கிடந்தது வீங்கிவிட்டது. மற்றது அப்படியே.

தோட்டத்து ஃபக்டரியில் ஆயுத பூசைக்கு ஓர் ஆணி விடாமல் மண்ணெண்ணெயில் கழுவுவோம். அழுக்கு மெஷினைச் சாமிக்கு முன் நிறுத்தக்கூடாது. அதே பக்தியோடு பிரேக் றப்பரையும் கழுவியிருக்கிறேன். இரும்புக்கு நல்லது, றப்பருக்கு நஞ்சு. பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ரீச்சரைப் பள்ளத்தில் இறக்கியது நானேதான்.

வெட்கம். பார்வதியிடம் சொன்னேன். "செவ்வாக்கெழமையே சொன்னேன்ல" என்றாள். அதோடு விட்டாள். தேத்தண்ணி தந்தாள்.

பஸ்ஸில் வவுனியா. புது றப்பர், புது ஒயில், செத்தல் மிளகாய். சாமான் கடைக்காரர்: "பிறேக் ஒயிலாலையே கழுவுங்கோ. மண்ணெண்ணெய் வேண்டாம். எத்தினை பேருக்குச் சொல்லியாச்சு!" எத்தனை பேருக்கு. அப்படியென்றால் நான் ஒருவன் மட்டும் மடையன் இல்லை.

16, வெள்ளி

காலையில் மழை, பிறகு வெளித்தது. றப்பர் பூட்டி, பழைய ஒயில் முழுவதும் இறக்கிப் புதிது விட்டேன். குழாய்க்குள்ளிருந்து காற்று எடுக்கும் வேலை. பார்வதி பெடலில், நான் காருக்குக் கீழே.

"மிதி."
"மிதிச்சிட்டேங்க."
"விடாதே… இப்ப விடு."

ஒயில் வடியும் போத்தலுக்குள் குமிழ், குமிழ். பிறகு குமிழ் இல்லை. "கால் கல்லுல படுற மாதிரி இருக்குங்க" என்றாள். அதுதான் வேண்டும்.

ஈர மண் பாதையில் ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டுக்கொண்டு மிதித்தேன். இறங்கிப் பார்த்தோம். தடம் இரண்டும் நேர்.

'றப்பர் பழசு' என்று சொன்னால் போதும். யாருக்குத் தெரியும்? ஆனால் பொய் சொல்லி வாங்கிய இடத்தில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளதைச் சொல்வேன்.

17, சனி

சொன்னேன், எல்லோர் முன்னாலும். ந.வுக்குக் கொண்டாட்டம்.

"பூசைக்குக் கழுவிப் பள்ளத்துக்கை விட்டவராம்! தோட்டத்துப் பழக்கம், வேறையென்ன?"

"தப்பு என்னுது. கண்டுபிடிச்சதும் நான்தான். ஏறிப் பாருங்க."

ஒருவரும் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நின்ற அன்னம் ரீச்சர் குடையை மடக்கினார். முன் சீட்டில் ஏறினார். நெற்றியில் இன்னும் கறுப்பு.

"நான் பாக்கிறன். ஓடி மிதியுங்கோ."

மிதித்தேன். நேராக நின்றது. "ஓம், சரியாத்தான் நிக்குது" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ந., "யோசிப்பம்" என்றார். பலகையில் என் இடம் வெறுமை.

வீட்டுக்குப் போகவில்லை. வரிசையின் கடைசியில் காரை நிறுத்தி, பொழுதுபடும் வரை அங்கேயே இருந்தேன்.

18, ஞாயிறு

தூறல். விடியவே ந. வாசலில், நடந்து வந்திருக்கிறார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெதுவாக:

"தம்பி, மண்ணெண்ணெயிலை கழுவினா றப்பர் எத்தினை நாளிலை வீங்கும்?"

"யாரு கழுவுனது?"

"நான்தான். பூசைக்கு. நாலு சில்லும். கார் சந்தியிலை நிக்குது, தள்ளினாலும் அசையுதில்லை."

அடுப்படியில் பார்வதி சிரித்தது வாசல்வரை கேட்டது.

ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு அவரோடு சந்திக்கு நடந்தேன். அவர் காரைக் காட்டினார். நான் பலகையைக் காட்டினேன். சோக்கட்டி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் என் பெயரை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் ஜாக்கியைத் தோளிலிருந்து இறக்கினேன்.