கடலை ஒட்டியே

1946 மார்ச் 10, ஞாயிறு.

வியட்நாம் கடலோரத்தில் திறந்த காரில் பயணிகளுக்கு ஊர் காட்டியவர் என் வீட்டுக்காரர். நாளை வக்கீல் வீட்டு டிரைவர் வேலைக்குப் பரீட்சை. பழகிப் பார்க்க வக்கீலே காரைக் கொடுத்தார். மாதா கோயில் பூசை முடிந்து நானும் ஏறிக்கொண்டேன். கடற்கரைச் சாலையில் தெற்கே சாந்தோம் போகும் வழியில் கார் வலப்பக்கம் போய்விட்டது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர், "இன்னா நைனா, கண்ணு தெரியல?" என்று கத்தினார்.

இவர் காரை ஓரமாக நிறுத்தினார். "அங்க வலப்பக்கம்தான் ஓட்டணும். கை தானா போவுது."

"அங்க கடல் எந்தப் பக்கம்?"

"சைகோன்லேருந்து வடக்க போறப்போ வலப்பக்கம். ஒட்டியே போவோம்."

"இங்க போறப்போ கடல் இடப்பக்கம், ஓட்டறதும் இடப்பக்கம். இங்கயும் ஒட்டியே போங்க. திரும்பறப்போ தள்ளி வாங்க."

பிறகு தவறவே இல்லை. பாதி வழியில் எனக்கே, "இடப்பக்கம் கட்டுமரங்கள்" என்று காட்ட ஆரம்பித்துவிட்டார்! கப்பலைவிட்டு இறங்கிய நாளிலிருந்து இவ்வளவு பேசியதில்லை. வேலை கிடைத்துவிடும்.

மாதாவே, வக்கீல் தியாகராய நகருக்கு மட்டும் ஓட்டச் சொல்லக் கூடாது. அங்கே கடல் கிடையாது.