மஞ்சள் பூசிய பரிந்துரைக் கடிதம்

நேற்றைய தபாலில் உன் தம்பியின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அத்தனை கடல் தாண்டி, இந்த ஊர்ப் பனியில் நனைந்து வந்தும் நான்கு மூலையிலும் மஞ்சள் அழியாமல் இருந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தேன். காகிதமும் மஞ்சளும் கலந்த வாசனை லேசாக வந்தது. ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, குழம்பு கொட்டிவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எடுத்துச் சொல்லி விளங்கவைக்கிற பொறுமை எனக்குக் கிடையாது என்று உனக்குத்தான் தெரியுமே.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளாக எழுதாததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எழுதினால் எங்கே அனுப்புவது? இன்று அதைப் பற்றி யோசிக்காமல் பேனாவை எடுத்துவிட்டேன்.

கொள்ளிட மணலில் தேங்கிய குட்டைகளில் இறங்கி நாம் பாசி எடுத்த நாட்கள் நினைவிருக்கிறதா? தாவரவியல் எம்.எஸ்ஸி. வகுப்பில் மற்ற பெண்கள் ரோஜாவையும் செம்பருத்தியையும் வரைந்துகொண்டிருக்க, நீ மட்டும் முழங்கால் வரை பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பாய். நான் கரையில் ஊறுகாய் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டு, பாம்பு வந்தால் என்னைக் கேட்காதே என்று கத்திக்கொண்டிருப்பேன். "பச்சைனு ஒரே வார்த்தையில சொல்லிடறாங்கடி. இதுல எத்தனை பச்சை இருக்கு பாரு" என்பாய். எனக்கு ஒரே பச்சைதான் தெரிந்தது. பாசியை எனக்குப் பிடிக்கவைத்தது நீ. இன்று அதை வைத்துத்தான் எனக்குச் சோறு.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று முதலில் சொன்னதும் நீதான். மெட்ராஸ் நூலகத்துக்குப் போய்வந்த யாரோ ஒருவர் குறித்துக் கொடுத்த முகவரிகளுக்கு ஏர்மெயில் கடிதம் போட்டோம். விண்ணப்பப் படிவங்கள் வந்து சேரவே மாதக்கணக்கில் ஆயிற்று. ஒரே ஒரு பல்கலைக்கழகம்தான் நம் இருவருக்கும் விண்ணப்பக் கட்டணம் வேண்டாம் என்று எழுதியது. டாலருக்கு எங்கே போவது? ஆகவே அந்த ஒன்றுதான் நமக்கு எல்லாம். தெப்பக்குளம் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நீ சொல்லச் சொல்ல அந்த ஆள் தட்டினார். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன போடுவது என்று நாம் அடித்துக்கொண்டதைப் பார்த்து அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

உன் அப்பா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். வீட்டிலும் அதே பாஷைதான். என்னை வைத்துக்கொண்டே உன்னிடம் சொன்னார். "இதுதாம்மா கடைசி வாய்தா. இந்த வருஷம் கெடச்சா போயிட்டு வா, நான் குறுக்க நிக்கலை. கெடைக்கலைன்னா நான் பார்க்கிற எடத்துல கழுத்தை நீட்டணும். அடுத்த வருஷம்னு என்கிட்ட வரக்கூடாது." நீ சரி என்றாய். அவர் சொன்ன சொல் மாறாதவர் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அவ்வளவு பயந்தாய்.

உன் அம்மா அவர் எதிரில் இதைப் பற்றி வாய் திறந்து நான் பார்த்ததில்லை. அடுக்களைக்கு வந்த பிறகு என்னிடம் மட்டும் கேட்பார். "அங்க பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் தனி ஹாஸ்டல் இருக்காம்மா? தயிர் கெடைக்குமா?" ஐந்தாவது வரை தமிழ் படித்தவர். வரைபடத்தில் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் நான் காட்டினேன். திருச்சியில் ஒரு விரலும் அங்கே ஒரு விரலும் வைத்துப் பார்த்தார். பிறகு, "போகட்டும். நான் சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றார். உன்னை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்று அந்த வீட்டில் உன்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் அவர்தான்.

மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டியிருந்தன. இரண்டு பேராசிரியர்கள் தாங்களே நேரடியாக அனுப்பிவிட்டார்கள். துறைத்தலைவியான சிஸ்டர் மட்டும் உறைகளை நம் கையில் கொடுத்தார். ஒட்டிய மடிப்பின் குறுக்கே பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, "இதை யாரும் பிரிக்கக் கூடாது. பிரிச்சா செல்லாது" என்றார். நாம் தலையாட்டினோம். அதை உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலத்துக்கு முன்னாடி கொண்டுபோய்ச் சேர்த்துடலாம். ரெண்டு பேரோடதும் இன்னிக்கு சாமிகிட்ட இருக்கட்டும்" என்று உன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பாலக்கரையிலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்தேன். உன் அம்மா தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலைத் துணியால் சுற்றியிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை. சர்க்கரைப் பொங்கலைத் தின்னச் சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

தபாலாபீசில் ஒட்டுப்பசை வைத்திருந்த மேசையருகே நின்று காகிதங்களை அடுக்கினோம். உன் கை ஓர் உறையோடு நின்றுவிட்டது. சிஸ்டரின் பச்சைக் கையெழுத்தில் மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமுமாக விலகி இருந்தது. மடிப்பின் கீழே ஒரு சோற்றுப் பருக்கை புடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே மடித்திருந்த கடிதத்தின் மூலைகளிலிருந்து மஞ்சள் ஊறி உறையில் தெரிந்தது.

"அம்மா" என்றாய்.

கல்யாணப் பத்திரிகைக்கும் புதுக் கணக்குக்கும் மூலையில் மஞ்சள் தடவுவது போல, மகளைக் கடல் கடத்தப்போகும் கடிதத்துக்கும் தடவியிருக்கிறார். உறைக்கு மேலே தடவினால் போதாது, கடிதத்துக்கே தடவ வேண்டும் என்று பிரித்து, தடவி, சாமி பாதத்தில் வைத்து, பிறகு சோற்றால் ஒட்டியிருக்கிறார். என் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது கொடுத்தபடியே இருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு, என்னை மட்டும் உன் அம்மா விட்டுவிட்டாரே என்று ஒரு சின்ன வருத்தம் வந்தது. என் புத்தி அப்படி.

அங்கிருந்து நேராகக் கான்வென்டுக்கு ஓடினோம். சிஸ்டர் முந்தின நாள்தான் ஒரு மாதத் தியானத்துக்கு மலைக்குப் போயிருந்தார். வாசலில் இருந்த வயதான சிஸ்டரிடம் நான் கெஞ்சினேன். "தியானத்துக்குள்ள போனவங்ககிட்ட பேச முடியாதும்மா. கடுதாசி போட்டாக்கூட முடிஞ்ச பெறகுதான் குடுப்பாங்க" என்றார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்த வழக்கம் நன்றாகத் தெரியும். தெரிந்தும் கெஞ்சினேன். ஒரு மாதம் காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும்.

மறுபடி தபாலாபீசுக்கு நடந்தோம். ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம், அம்மா ஆசீர்வாதத்துக்காகப் பிரித்தார் என்று எழுதினால் அவர்கள் புரிந்துகொள்வார்கள் என்றேன். உனக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"எங்கம்மாவை யாரோ ஒருத்தன்கிட்ட நான் விளக்கணுமா? படிச்சுட்டுச் சிரிப்பான். மாட்டேன்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான்டி. உன் வாழ்க்கை இது."

"அது எங்கம்மாடி."

அப்படியே அனுப்பினாய். ரசீதை வாங்கிய கையோடு என் பக்கம் திரும்பினாய். "வீட்ல இது தெரியக் கூடாது. அம்மாவுக்கு எப்பவுமே தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

"எந்தச் சாமி மேல? உங்களதா, எங்களதா?"

"என் மேல."

பண்ணினேன்.

தியானம் முடிந்து வந்த சிஸ்டரிடம் நீ நடந்ததைச் சொன்னாய். அவர் அன்றே வேறொரு கடிதம் எழுதி அனுப்பினார். பங்குனியில் இருவருக்கும் பதில் வந்தது. எனக்கு இடமும் உதவித்தொகையும். உனக்கு, பரிந்துரைக் கடிதம் பிரித்த நிலையில் வந்தது, மாற்றுக் கடிதம் தேதி கடந்து வந்தது, அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கவும் என்று நான்கு வரி. உன் வீட்டில் நீ சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "ஒரு காலேஜுக்கு ஒருத்தருக்குத்தான் குடுப்பாங்களாம்ப்பா. ஸ்டெல்லாவுக்குக் கெடச்சிருச்சு." உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீயாவது போறியே" என்று அழுதார். எனக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

ஆவணியில் உனக்குக் கல்யாணம், உப்பிலியபுரத்தில். நல்ல மனிதர்தான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நான் அந்த மாதமே விமானம் ஏறிவிட்டதால் உன் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் டீச்சரானாய். பச்சமலை ஓடைகளுக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்ப் பாட்டில் பாட்டிலாகப் பாசி எடுத்துவந்தாய். "இங்கயும் இருக்குடி, ஒனக்கு மட்டும்தான்னு நெனைக்காத" என்று எழுதினாய். கேலியாகத்தான் எழுதினாய். நான்தான் அதை நாலைந்து தரம் படித்தேன். இடையில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது, அம்மாவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். "எதுக்கு? அவங்க சந்தோஷமா ஒரு காரியம் பண்ணாங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்றாய். பிறகு மஞ்சள் காமாலை. சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது உன் காரியங்கள் எல்லாம் முடிந்திருந்தன.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் உங்கள் மேலூர் சாலை வீட்டுக்குப் போனேன். உன் அம்மா முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருவதற்கு ஒரு சாக்கு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே சொன்னார்.

"ஸ்டெல்லா, நான் அந்தக் கவரைப் பிரிச்சதாலதான் அவ போக முடியலைன்னு எனக்குத் தெரியும்மா."

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன்.

"கல்யாணத்துக்கு ஒங்க சிஸ்டர் வந்தாங்க. நான் அழுதுக்கிட்டு நின்னேன், பொண்ணு போறாளேன்னு. அவங்க வேற என்னமோ நெனச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சு, 'நீங்க நல்லதுக்குத்தான் கவரைப் பிரிச்சீங்க, மனசுல வச்சுக்காதீங்க'ன்னாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. திரும்பி மணவறையைப் பார்த்தேன். அவ என்னைப் பார்த்துச் சிரிச்சா."

"நீங்க அவகிட்ட கேக்கவே இல்லையாம்மா?"

"எப்படிக் கேக்கறது? எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவ அவ்வளவு பாடுபட்டிருக்கா. தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னா அதுவும் வீணாப் போயிடும்ல. அவ இருந்த வரைக்கும் நான் வாயைத் தொறக்கலை."

உன் எதிரிலேயே இத்தனை வருஷம் அதைச் சுமந்திருக்கிறார். நீயும் அவர் எதிரிலேயே சுமந்திருக்கிறாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஒரே அடுக்களையில் நின்று பலகாரம் சுட்டிருக்கிறீர்கள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. அவர்மேலும் வந்தது. பிறகு இரண்டும் போய் அழுகைதான் மிஞ்சியது.

"உன்னோட கவரையும் கையில எடுத்தேன்" என்றார். "ஒங்க சாமிக்கு மஞ்சள் ஆகுமோ ஆகாதோன்னு பயமா இருந்துச்சு. தொடாம வச்சுட்டேன்."

நான் இங்கே வந்து படித்ததும், பட்டம் வாங்கியதும், இப்போது இந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுவதும் அந்தத் தயக்கத்தினால்தான். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் சொல்லி முடித்திருப்பாய்.

நான் கிளம்ப எழுந்தபோது உன் அம்மா என் முந்தானையைப் பிடித்தார். "ஒண்ணு கேக்கணும். அந்தக் கடுதாசில அவளைப் பத்தி என்ன எழுதியிருந்தாங்க? எனக்கு இங்கிலீஷ் தெரியாதே. ஒரு பக்கம் பத்தாம பின்பக்கமும் எழுதியிருந்தாங்க. விளக்கு வெளிச்சத்துல ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன். என் பொண்ணைப் பத்தி எழுத இவ்வளவு இருக்கான்னு இருந்துச்சு."

சிஸ்டர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். நான் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேனோ அதைச் சொல்ல ஆரம்பித்தேன். கொள்ளிடத்துத் தண்ணீரில் நீ நின்றதிலிருந்து. உன் அம்மா வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

இப்போது என்னிடமும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறார்கள். அரைப் பக்கம் போதும், யாரும் அதற்கு மேல் படிப்பதில்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் நிறைய எழுதுகிறேன். எங்காவது ஓர் அம்மா அதைப் பிரித்துப் பார்க்கலாம். அவருக்கு ஒரு வரிகூட விளங்காமல் போகலாம். தன் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இவ்வளவு இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரியட்டும்.