மஞ்சள் பூசிய மடி

பிப். 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். உப்பளத்தில் வேலை இல்லை.

பட்டியில் குட்டிகளை எடை போட்டோம். செவலை ஆட்டின் ஒற்றைக் கிடாக்குட்டி 9 கிலோ. சுட்டி ஆட்டின் இரட்டைக் குட்டிகள் 5, நாலே முக்கால். மூன்றும் ஒரே வாரத்தில் பிறந்தவை. மூன்றுக்கும் அப்பன், என் வீட்டுக்காரர் பெருமுக்கல் பக்கம் போய் வாங்கி வந்த நெட்டைக் கிடாதான்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ரத்தம்டி! ராஜாவ அடுத்த கிடாவா வச்சிக்கலாம். சுட்டிய வித்துத் தள்ளிடலாம். அதுக்கு வயிறு சரியில்ல."

வயிறு சரியில்லையாம். எங்கள் பெண் நோஞ்சானாகப் பிறந்தபோது இவர் அக்கா என்னைச் சொன்னதும் இதேதான். பத்து வருடமாகியும் ஆறவில்லை எனக்கு.

பிப். 12, புதன்
இன்றும் வேலை இல்லை. அதனால்தான் பார்த்தேன். குண்டன் (செவலையின் குட்டிதான்; அவர் மாதிரி ராஜா என்று நான் கூப்பிட மாட்டேன்) தன் அம்மாவிடம் குடித்துவிட்டு நேரே சுட்டியிடம் வந்தான். பின்னங்கால்களுக்கு நடுவே தலையை விட்டு உறிஞ்சுகிறான். பக்கத்தில் அதன் குட்டிகளும் குடிப்பதால் சுட்டி திரும்பி மோந்து பார்ப்பதில்லை. தினமும் இந்த நேரத்தில் நான் உப்பளத்தில், அவர் போர்வைக்குள். யார் பார்த்தது?

சொன்னேன். "உனுக்கு ராஜாவ கண்டாலே ஆவாது" என்றார்.

பிப். 13, வியாழன்
உப்புப் பாத்தி இன்னும் காயவில்லை. சுட்டியின் மடியில் மஞ்சள் குழைத்துப் பூசினேன். அரை மணி நேரத்தில் குண்டனின் வாய், மூக்கு, நெற்றி எல்லாம் மஞ்சள். இழுத்துப் போய்க் காட்டினேன்.

துண்டால் அதன் வாயைத் துடைத்தார். "திருடிக் குடிச்சாலும் ஒடம்புல ஒட்டுது பாரு. அதான் ரத்தம்."

மாட்டாஸ்பத்திரிக்கே போய்விட்டேன். டாக்டரம்மா சொன்னது: "பால் மறக்கறதுக்கு முன்னாடி எடைய பாத்து கிடா எடுக்காதீங்க. இப்ப தெரியறது தாய்ப்பாலு. அப்பன் வாகு அப்புறந்தான் தெரியும். மூணு குட்டிக்குப் பால் குடுக்குற ஆட்ட யாராவது விப்பாங்களா?"

அதையும் வந்து சொன்னேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வாங்க: மஞ்சள் தூள், தீப்பெட்டி, பாப்பாவுக்கு ஸ்கெட்ச்.

பிப். 15, சனி
வெயில். வேலைக்குப் போனேன். பதினொரு மணிக்குத் திரும்பினால் சுட்டி கட்டியிருந்த முளையில் வெறும் கயிறு. வியாபாரி வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டது.

"சொன்னா அழுவே. அதான் சொல்லல."

அழவில்லை. உப்புக் கையோடு அவர் சட்டையைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன்?

இரட்டைகளுக்குப் புட்டிப் பால். துப்புகின்றன.

பிப். 18, செவ்வாய்
எடை. இரட்டைகள் நாலே முக்கால், நாலரை. குண்டன் எட்டே முக்கால். செவலையிடம் உள்ள பால் அவ்வளவுதான். வெறும் முளையைச் சுற்றி மூன்றும் கத்துகின்றன. குண்டன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பசிக்கு அது என்ன செய்யும்.

அவர் தராசைத் தட்டினார். "இது ரிப்பேரு."

கடையில் வாங்கிய ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கொக்கியில் மாட்டினேன். முள் சரியாக ஒன்றில் நின்றது.

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். அப்புறம், "அப்ப ராஜாவுக்கு இன்னாதான் ஆச்சு?"

புட்டியை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வெளியே மூன்றும் இன்னும் கத்துகின்றன.