கடலுக்குக் கட்டிப் போக ஒரு சேலை

மாசி 4, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில்.

பாண்டிச்சேரியிலிருந்து கார்டு வந்தது. கொப்பரை வியாபாரி, மகள் கல்யாணத்துக்கு நம்மிடம் பட்டு எடுத்தவர். ஊருக்குத் தெற்கே கடலோரத் தோப்பில் ஓலைக் கொட்டகை காலி, ஒரு வாரம் இருந்துகொள்ளுங்கள் என்கிறார். நல்ல மனுஷன்.

டைபாய்டு விட்டும் தனம் தேறவில்லை. கடல் காற்றில் ஒரு வாரம் வையுங்கள், மணலில் நடக்க விடுங்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அவள் கடலைப் பார்த்ததில்லை. மாதம் இரு தடவை மெட்ராஸ் போகிறவன் நான். இப்போதும் டா. சொல்லித்தான்.

எடுக்க வேண்டியது: ஸ்டவ், மண்ணெண்ணெய், அரிக்கன் விளக்கு, பாய் 2, கொசுவலை, அரிசி, பூண்டு ஊறுகாய் (டா. கூடாதென்றார், அவள் விடமாட்டாள்).

தினம் காலை மணலில் நடை. ஒரு நாள் படகு. ஒரு நாள் கலங்கரை விளக்கம். மற்ற நாள் சும்மா. சும்மா இருக்க எனக்கு வருமா, தெரியவில்லை.

மாசி 5, புதன்

தெருவெல்லாம் தறிக்குப் பாவு நூல் விரித்திருந்தார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடைக்கு.

விஷயம் எப்படியோ பரவிவிட்டது. தனத்தின் தம்பி கோதண்டம், பங்காளிகள் இரண்டு பேரோடு வந்து நின்றான்.

"அக்காவைத் தனியா வுட மனசு வருமா மாமா? ஒத்தாசைக்கு நாங்களும் வரோம்."

பத்தொன்பது நாள் காய்ச்சலில் கிடந்தாள். ஒரே நாள் எட்டிப் பார்த்தான், காபி குடித்தான், போனான். அந்த ஒத்தாசை.

சாயங்காலத்துக்குள் ஒன்பது பேர். கோ. மனைவி ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தாள். ஏழு நாளில் பதினோரு கோயில். கடல், கடைசி நாள், "நேரமிருந்தால்". காஞ்சிபுரத்தில் இல்லாத கோயிலா? தடுக்கி விழுந்தால் கோபுரம். தூ.

ஒன்பது பேருக்கு யார் பொங்குவது? தனம்தான். கடல் காற்று அடுப்புப் புகைக்குள் வந்து அவளைத் தேடுமா?

மாசி 6, வியாழன்

புழுக்கம். மதியம் தலைவலி.

கோ. தன் சாமான் மூட்டையை முன்கூட்டியே இங்கே கொண்டுவந்து போட்டான். கலகலவென்று சத்தம். அவிழ்த்தேன். பன்னீர் பாட்டில்கள், ஆறும் காலி.

"காத்து வாங்கப் போறவனுக்குக் காலி பாட்டில் எதுக்குடா?"

"கடல் தண்ணி மாமா. மாமியாருக்கு மூட்டு வலி, ஊத்தலாம்னு."

"ஆறு பாட்டிலா? உங்க மாமியாருக்கு எத்தினி மூட்டுடா?"

கூட வந்த பங்காளி சிரித்துவிட்டான். இவன் தலையைச் சொறிந்தான். நம் பக்கம் மதுவிலக்கு. பாண்டியில் சாராயக் கடை திறந்திருக்கிறது. அக்கா உடம்பு, அக்கா உடம்பு என்று இரண்டு நாளாக உருகியது இதற்குத்தான். சீ.

கத்தவில்லை. ஞாயிறு காலை கிளம்பலாம் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன். நாங்கள் இருவரும் சனி, முதல் பஸ். கார்டு என்னிடம்தான் இருக்கிறது. தோப்பு எங்கே என்று ஒருவனுக்கும் தெரியாது.

அவளிடம் மட்டும் சொன்னேன். சேலை எடுத்து வை என்றேன். பீரோவைத் திறந்தபடி நின்றாள்.

"நான் கரையிலேயே குந்திக்கறேங்க. நீங்க நனைங்க."

"ஏன்?"

"வீட்ல கட்டறதும் சேத்து எல்லாம் பட்டு. உப்புத் தண்ணி பட்டா ஜரிகை கறுத்துப்பூடும்."

எண்ணிப் பார்த்தேன். பதினாலு. ஒன்றில் கரையில் இழை விட்டிருக்கிறது. ஒன்றில் முந்தானைச் சாயம் திட்டுத் திட்டாக. ஒன்றில் கறை. ஒவ்வொன்றும் நான்தான் கொடுத்தேன். ஒவ்வொன்றும் கடையில் பழுதென்று தள்ளியது. பட்டுக் கடைக்காரன் பெண்டாட்டி, பதினாலு பட்டு என்று ஊரே சொல்கிறது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கோ.வைக் காறித் துப்பியாயிற்று. இதை எங்கே துப்ப?

மாசி 7, வெள்ளி

மேகம். மழை இல்லை.

நம் கடைக்கு எதிர்ச்சாரியில் நூல் சேலை விற்கும் பாயின் கடை. போனதும் பாய் எழுந்தேவிட்டார்.

"இன்னா மொதலாளி, உங்க கடையில பட்டு தீந்துபோச்சா?"

"கடல்ல நனைக்க ரெண்டு வேணும்பா. பழுதில்லாம எடு."

"நம்மகிட்ட பழுது ஏதுங்க?"

"நானும் தினம் இதைத்தான் சொல்லிக்கினு கீறேன். பிரி."

தலைப்பிலிருந்து தலைப்பு வரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலைத் தள்ளினேன். வாசலில் என் கடைக் கணக்குப்பிள்ளை வாயைப் பிளந்து நின்றான். நிற்கட்டும்.

மஞ்சள் ஒன்று, பச்சை ஒன்று. வீட்டுக்கு வந்து தனத்திடம் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

"இதுல எங்கங்க பழுது?"

"இல்ல."

"சும்மா சொல்லுங்க. நான் கட்டிப்பேன்."

மாசி 8, சனி

பனி. முதல் பஸ். எழுத்து ஆடுகிறது. ஸ்டவ்வை மறந்தாயிற்று.

மஞ்சளைக் கட்டியிருக்கிறாள். பச்சை மடியில். செங்கல்பட்டு தாண்டியும் அதன் கரையை விரலால் தடவித் தேடிக்கொண்டே வருகிறாள்.