நீலம் என்றுதான் எழுதினேன்

பனே பிராக்
கிஸ்லேவ் 9

அன்புத் தங்கை ஹென்யாவுக்கு,

இறைவன் துணையால் இங்கே எல்லோரும் நலம். என் பெண் சிரெலுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது. போனில் சொன்னபோது பிள்ளைகள் போட்ட கூச்சலில் உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

பையன் எருசலேம். படிப்பிலேயே மூழ்கிக் கிடக்கிறவன். இந்தச் சம்பந்தம் கூடுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. தரகு பேசிய பெஸ்யா கேட்காத கேள்வி இல்லை. "ஏம்மா, ஓய்வுநாள்ல மேசைக்கு வெள்ளை விரிப்புதானே போடுவீங்க? துணிதானே, பிளாஸ்டிக் இல்லையே?" எங்கள் போன் எண்ணைக் கொடுத்ததும் முதல் இலக்கங்களைப் பார்த்துவிட்டு, கோஷர் போன்தான், பேச மட்டும்தான் ஆகும் என்று தெரிந்த பிறகே உட்கார்ந்தாள்.

பையனின் அம்மா ரொய்சா அதற்கும் மேலே. "எங்க வீட்டு வாசப்படிய இன்டர்நெட் தாண்டினதில்ல. உங்க பக்கமும் கூடப்பொறந்தவங்க யார்கிட்டயும் இருக்கக்கூடாது. அப்புறம் தெரிஞ்சா, கல்யாணப் பேச்சே கெடையாது" என்றாள். "என் தங்கச்சியா? அவளுக்கு ரேடியோவத் திருகவே தெரியாதும்மா" என்று உனக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நிச்சய வழக்கப்படி நானும் ரொய்சாவும் சேர்ந்து பீங்கான் தட்டை உடைத்தோம். ஒரே போடில் சில்லுச் சில்லாகப் போனது. சிரெல் நீல உடையில் அழகாக இருந்தாள். நீதான் பக்கத்தில் இல்லை.

உன் அக்கா,
ப்ரைனா


ஆண்ட்வெர்ப்
கிஸ்லேவ் 23

அன்புள்ள அக்காவுக்கு,

மஸல் டோவ், வாழ்த்துகள்! கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியிலேயே ஒரு சுற்று ஆடினேன். எண்ணெயில் வடை மாதிரிப் பொரிந்துகொண்டிருந்த பண்டிகை டோனட் ஒன்று கருகியே போயிற்று. என் வீட்டுக்காரர் ஷூலெம் வந்து, "யாருக்குக் கல்யாணம், உனக்கா?" என்று கேட்டார்.

ரொய்சாவை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டில் நம் சிரெல் தும்மினால்கூட ரப்பியிடம் போய்க் கேட்பார்கள் போல. பரவாயில்லை, சமாளித்துக்கொள்வாள்.

அவளுக்குப் பச்சை எப்போதுமே எடுப்பு, அந்தக் கழுத்துப்பட்டிக்கு இன்னும் எடுப்பு. நீ ஏன் அக்கா இப்படி இளைத்துப்போனாய்? பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு மிச்சத்தைத் தின்றால் உடம்பு எங்கே தேறும்? அதார் மாதம் கல்யாணத்துக்கு வந்ததும் உனக்கு நான்தான் சமைத்துப் போடப்போகிறேன், சொல்லிவிட்டேன்.

உன்,
ஹென்யா


பனே பிராக்
தேவேத் 4

ஹென்யா,

உடை பச்சைதான். ஆனால் நான் நீலம் என்றுதான் எழுதினேன். வேண்டுமென்றே எழுதினேன்.

போன கோடையில் எங்கள் தெருவில் குழாய் வெடித்ததை நான் சொல்வதற்கு முன்பே நீ கேட்டாய். அப்போதே மனசில் ஒரு முள் விழுந்தது. ச்சே, கூடப்பிறந்தவளைச் சந்தேகப்படுகிறோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். இப்போது என்ன சொல்கிறாய்? நான் இளைத்ததை ஆண்ட்வெர்ப்பிலிருந்து எட்டிப் பார்த்தாயா?

உன்னிடம் அந்த இன்டர்நெட் போன் சனியன் இருக்கிறது. என் பெண்ணின் வாழ்க்கையை உன் பெயரில் அடகு வைத்திருக்கிறேனடி! தெரிந்தால் நிச்சயம் முறியும். முறிந்த பெண் என்று ஊரே சொல்லும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கல்யாணத்துக்கு வா. முடியாது என்றால் வரவே வராதே.

ப்ரைனா


ஆண்ட்வெர்ப்
தேவேத் 18

அக்கா,

பொய் சொல்லப் போவதில்லை. இருக்கிறது. பஸ்கா பாத்திரங்கள் வைக்கிற அலமாரியில் வைத்திருக்கிறேன். வருஷத்தில் அந்த ஒரு பண்டிகை தவிர அதை யார் திறக்கப்போகிறார்கள்?

என் மகன் லேசர், தொப்பியையும் தாடியையும் விட்டுவிட்டுப் பெர்லினுக்குப் போனது உனக்குத் தெரியும். ஷூலெம் அவன் பெயரையே எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போன பிறகு, ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்கு முன்னால், அவன் அதில் வருவான். தட்டைத் தூக்கிக் காட்டுவான். "அம்மா, சாப்ட்டேன், பாரு. நீ அழாத. அழுதா நான் வெச்சிருவேன்" என்பான். நான் அழாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அது பாவம் என்றால் பாவம்தான், அக்கா. அதை எறிந்தால் என் பிள்ளை முகத்தையே எறிந்த மாதிரி. என்னால் முடியாது.

அதில் பெண்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை, பத்துப் பிள்ளை அம்மா, ரொட்டிக்காரி என்று ஏதாவது வைத்துக்கொள்வார்கள். உங்கள் தெருக் குழாயும் அதில்தான் வந்தது, சிரெல் படமும் அதில்தான் வந்தது. படத்தை நான் எடுக்கவில்லை அக்கா, எடுத்தவள் உன் கூடத்தில் கேக் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

சிரெலை நான் முத்தமிட்டதாகச் சொல். நான் வரவில்லை.

ஹென்யா


பனே பிராக்
ஷெவாத் 2

அன்புள்ள ஹென்யா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். கேக் மேசை பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. பெஸ்யா நின்றாள், நம் அண்ணிமார் இரண்டு பேர் நின்றார்கள், எதிர்வீட்டுக்காரி, ரொய்சாகூட. எல்லோர் கையிலும் பேச மட்டும் ஆகிற போன்தான். கண்ணால் பார்த்தேன்.

நேற்று ரொய்சா கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்தாள். "உங்க தங்கச்சி எப்ப வர்றாங்க?" என்றாள். "அவளுக்கு உடம்பு சரியில்ல, வரமாட்டா" என்றேன். "ஐயோ பாவம். அங்க இன்னிக்கு ரயில் வேற ஓடலையாமே" என்றாள். ஆண்ட்வெர்ப்பில் ரயில் ஓடவில்லை என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? போனில் செய்தி சொல்கிற எண்ணில் கேட்டிருக்கலாம். இருக்கலாம். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், நல்லா இருக்கு என்றாள்.

உன்னைக் கூப்பிட எனக்கு வழியில்லை. சிரெலுக்குக் கீழே இன்னும் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். கோபப்படு, திட்டு, ஆனால் புரிந்துகொள்.

கல்யாணத்தன்று ஒவ்வொருத்தியாக வந்து என்னைக் கட்டிக்கொள்வாள். நான் அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இத்தனை பேரில் என்னிடம் உண்மையைச் சொன்னவள் நீ ஒருத்திதான். உன்னைத்தான் வராதே என்கிறேன்.

உன் அக்கா,
ப்ரைனா